சோஃபியாவின் வெந்நீர்

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் நட்டநடுவில் வெந்நீர் ஊறுகிறது. சூடு ஏறக்குறைய 46 டிகிரி செல்சியஸ். எங்கோ பெய்த மழை பாறை வெடிப்புகளில் இறங்கி, ஆழத்தில் காய்ந்து, கல்லின் உப்புகளைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அரசுகள் மாறியதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் வந்த அரசுகள் எல்லாமே அதன் அருகில்தான் போய் உட்கார்ந்தன.

*

ரோமானியர் இந்த ஊரை செர்திக்கா என்றார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் விரும்பித் தங்கிய ஊர். அவர்களுக்கும் இங்கே குளியல் மண்டபங்கள் இருந்தன. பிறகு ஒட்டோமான் காலம். 16ஆம் நூற்றாண்டில் ஊற்றை ஒட்டியே பானியா பாஷி பள்ளிவாசல் எழுந்தது. இன்றும் அங்கே தொழுகை நடக்கிறது. அதன் பக்கத்தில் துருக்கியக் குளியலகம் ஒன்றும் இருந்தது. தொழப் போகுமுன் உடல் தூய்மை வேண்டும் என்ற மார்க்கத்துக்கு வெந்நீர் ஊற்றைவிடப் பொருத்தமான அண்டை வேறென்ன?

*

1879இல் சோஃபியா தலைநகரானது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு அந்நிய ஆட்சியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த சின்ன நாடு. கட்ட வேண்டியவை எத்தனையோ. அந்தப் பட்டியலில் பொதுக் குளியலகத்துக்கும் இடம் கிடைத்தது. அதுதான் என்னை நிற்க வைக்கிறது.

அதை வடிவமைத்தவர்கள் பெட்கோ மொம்சிலோவ், ஃபிரீட்ரிக் குருனாங்கர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள். குருனாங்கர் ஆஸ்திரியர், கூப்பிடு தூரத்தில் நிற்கும் யூதத் தொழுகைக்கூடத்தை வடிவமைத்தவரும் அவரே, அது 1909இல் திறக்கப்பட்டது. குளியலகம் முடிந்தது 1913இல். பால்கன் போர்கள் நடந்த ஆண்டு அது.

வெளிர் சுவரில் கிடைக்கோடாக ஓடும் நிறப்பட்டைகள், வளைவு வாயில், மேலே குவிமாடம், ஓரங்களில் பளபளக்கும் வண்ண ஓடுகள். பழைய பைசாந்தியத் தேவாலயங்களுக்கு உரிய அழகை எடுத்து இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அன்று ஊரில் பல வீடுகளில் குளியலறை கிடையாது. முதுகு தேய்த்துக் குளிக்க வரும் கூலிக்காரருக்கும், குழந்தையை இடுப்பில் தூக்கி வரும் தாய்க்கும் இந்த வாயில். அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் மட்டுமே செய்வதை அழுக்குப் போக்கும் வேலைக்கும் செய்யலாம் என்று ஒரு நகரம் முடிவெடுத்திருக்கிறது. சுகாதாரத் திட்டம் என்று கணக்கில் எழுதியிருப்பார்கள். எனக்கு அது மரியாதையாகத்தான் படுகிறது. ஏழைக்குக் கட்டுவது எப்படியிருந்தாலும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

*

ஆடை களைந்து ஆவிக்குள் போனவர்களுக்கு வெளியே என்ன உத்தியோகம் என்று யாரால் சொல்ல முடியும்? வயது தெரியும், தழும்பு தெரியும், உழைத்த தோள் தெரியும். அவ்வளவே. அந்நியர் முன் கூச்சமின்றி இருக்க ஒரு பழக்கம் வேண்டும்; அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தரும் இடங்கள் ஊருக்குள் அதிகம் இருப்பதில்லை.

*

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கட்டடம் சேதப்பட்டது. சரிசெய்தார்கள், மறுபடி குளித்தார்கள். 1986இல் கூரை விழுந்துவிடும் என்ற அச்சத்தில் மூடினார்கள். குண்டுக்குத் தாங்கியதை ஈரமும் முதுமையும் சாய்த்தன. அதற்குள் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டு குளிப்பவர் இல்லாமல் நின்று, 2015இல் அது சோஃபியா வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்தது.

இடிக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். எத்தனை ஊர்களில் இப்படிப்பட்ட இடம் கடைவளாகமாகிப் போனது! ஆனாலும் மனம் ஆறவில்லை. ஊரின் பழம்பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேறு கட்டடம் கிடைத்திருக்கும். இந்த நீருக்கு வேறு வீடு கிடையாது.

*

நீர் நிற்கவில்லை. குளியலகத்துக்குப் பக்கத்திலேயே வெட்டவெளியில் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். இரவும் பகலும் ஊற்றுநீர் விழுகிறது. காசு கிடையாது. முதியவர்கள் பிளாஸ்டிக் கேன்களோடு வருகிறார்கள். ஒருவர் நிறைக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கிறார். குடிக்க, சமைக்க, வயிற்றுக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு. 1913இல் கட்டியவர்கள் எதை நினைத்துக் கட்டினார்களோ அதில் மிச்சமிருப்பது உள்ளே அல்ல, இந்தக் குழாயடியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

கூரையைச் செப்பனிட்டாயிற்று. பொருள்களைக் காட்ட அறைகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றுக்கு, சின்னத் தொட்டி அளவுக்காவது, இந்த வெந்நீரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கட்டணம் வாங்கும் சொகுசுக் குளியலாக வேண்டாம். வீட்டில் வெந்நீருக்கு வழியில்லாதவர்கள் இன்றும் அந்த ஊரில் இருப்பார்கள். முதல் நாள் அவர்களுக்குத் திறக்கட்டும்.