விலையின் உயரமும் இன்பத்தின் அளவும்

புக்கிட் ரம்பாய்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் இளைஞர்களுள் ஒருவன் என் பழைய மாணவன். அவன் பாட்டி பால்மரம் சீவியவர். தாய், தோட்டத்திலிருந்து பேருந்தேறிப் பத்து பெரண்டாமின் மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்ற பெண்களுள் ஒருவர். ஒருநாள் தேநீர்க் கடையில் என்னைக் கண்டதும் அருகில் வந்தமர்ந்து, ஒரு வினாவை எழுப்பினான்.

“ஐயா, கணினியில் விளையாடுவதற்காக எண்ணாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது தவறா? அப்பா வேண்டாம் என்கிறார். நான் உழைத்துச் சேர்த்த பணந்தானே?”

அந்தப் பணம் பகுதிநேர டிப்ளோமா படிப்புக்கென்று அவன் சேர்த்து வந்தது என்பதை நான் அறிவேன். ஆதலால் உடனே விடை கூற என்னால் இயலவில்லை. சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று ஒதுக்கவும் மனம் ஒப்பவில்லை. உழைத்த பணத்தை இன்பத்திற்காக எவ்வளவு செலவிடலாம் என்பது அறநூலார் ஆராய்ந்த வினாவே அன்றோ?

முதலில் பொருளை அறிவோம். வரைகலை அட்டை என்பது திரையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடும் கருவி. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் காட்ட வேண்டுமாயின், அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறை தீட்டியாக வேண்டும். ‘4கே’ எனப்படும் பெருந்திரையிலோ புள்ளிகள் நான்கு மடங்கு. இவ்வளவு கணக்கையும் ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்ய, அட்டைக்குள் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பகங்கள் அமைந்துள்ளன.

2025ஆம் ஆண்டு சனவரியில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5090 என்னும் அட்டையின் அறிவிப்பு விலை 1,999 அமெரிக்க டாலர். அன்றைய நாணய மாற்றில் அது 8,500 வெள்ளிக்கும் மேல். அதே ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆக, ஐந்து மாத உழைப்பு முழுவதும் ஓர் அட்டைக்குள் அடங்கிவிடுகிறது. அதே தலைமுறையைச் சேர்ந்த ஆர்டிஎக்ஸ் 5060 மே மாதத்தில் 299 டாலருக்கு வந்தது. இது ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. முன்னதில் 21,760 கணிப்பகங்கள்; பின்னதில் 3,840. கணிப்பகங்கள் ஆறு மடங்கை எட்டவில்லை. விலையோ ஆறரை மடங்கைத் தாண்டிவிட்டது. விளையாடும்போது கிடைக்கும் வேகமோ கணிப்பகங்களின் விகிதத்தையும் எட்டுவதில்லை. உச்சியை நெருங்க நெருங்க ஒவ்வொரு படிக்கும் கூலி ஏறுகிறது.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்குக் கூறியவையாயினும், பொருள் வாங்கப் புறப்படும் எளியவனுக்கும் அவை பொருந்தும்.

இடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அட்டை தீட்டும் படம் திரையில்தான் தோன்ற வேண்டும். நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரையில், அட்டை 200 படங்கள் தீட்டினாலும் 60 முறைக்கு மேல் திரை மாறாது. குறுகிய வாய்க்காலில் பேரணையைத் திறந்துவிட்டு என்ன பயன்? சிறந்த திரையே வாங்கினாலும் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு 60 படம் எனில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. 120 எனில் 8.3, 240 எனில் 4.2. முதல் இரட்டிப்பில் எட்டு மில்லி நொடிக்கு மேல் மிச்சம். அடுத்த இரட்டிப்பில் நான்கே மிச்சம். உழைப்பு இரட்டிக்கிறது, பயன் பாதியாகிறது.

அடுத்தது காலம். 2020இல் 699 டாலருக்கு அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3080, மறு ஆண்டில் சந்தையில் இரு மடங்குக்கும் மேலான விலைக்குக் கைமாறியது. சில்லுத் தட்டுப்பாடும், ஈத்தரியம் என்னும் மின்னாணயத்தைத் தோண்டுவோரின் போட்டியும் அதற்குக் காரணங்கள். 2022 செப்டம்பரில் அந்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அத்தோண்டுதலுக்கு அட்டைகள் தேவையற்றுப் போயின. அவசரத்தில் வாங்கியவர்கள் அவசரத்துக்கே விலை கொடுத்தார்கள். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை புதிய தலைமுறை வருகிறது. நேற்றைய அரசன் இன்று சிற்றரசன். ஆயினும் மறுபக்கமும் உண்டு. 2017இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அன்று விலை மிக்கது; 11 ஜிகாபைட் நினைவகத்தோடு பல ஆண்டுகள் உழைத்தது. உயர்ந்த பொருள் எல்லாம் வீண் என்று கூறுவதும் நேர்மையாகாது.

எஞ்சியது வலி. வருவாயின் அளவறிந்து செலவிடுவதையும் வள்ளுவர் வலியறிதலுள்ளேயே சேர்த்தார். 5090 அட்டை தன் முழு வேகத்தில் 575 வாட் மின்சாரம் உண்ணும். ஏழெட்டுக் கூரை மின்விசிறிகள் ஒருங்கே சுழல்வதற்கு ஒப்பான செலவு அது. அதற்கேற்ற மின்வழங்கி, பெட்டி, திரை ஆகியவையும் வேண்டும். யானை வாங்கியவன் அங்குசத்தோடு நின்றுவிட முடியாது.

இவ்வளவும் கணக்கு. ஆனால் கணக்கு மட்டுமே அறமாகிவிடாது. “பயன் என்ன?” என்று கேட்டே வாழ்ந்தால் இசையும் திருவிழாவும்கூட வீண் செலவாகிவிடும். நம் நாட்டுக்கு 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. பின்னர்த் தோட்டத்து லயத்தில் அதைத் தவணையில் வாங்கிய குடும்பங்களை ஊதாரிகள் என்று பேசியவர்கள் இருந்தார்கள். மாலையில் அதே வீட்டு வாசலில் பாய் விரித்து அமர்ந்தவர்களும் அவர்களே. நாள் முழுதும் உழைத்த உடம்பு சிறிது களிப்பை விரும்புவது குற்றமன்று. உழைப்பவன் உண்டு உறங்கினால் போதும் என்று நினைப்பது முதலாளியின் அறம். நம்முடைய அறமாக அஃது இருக்கலாகாது.

எனவே “இன்பம் வேண்டுமா?” என்பதன்று வினா. “எந்த இன்பத்தை, எதன் இடத்தில் வைக்கிறோம்?” என்பதே வினா. விளையாட்டின் இன்பம் திறத்திலும் தோழமையிலும் பிறக்கிறது. 2013இல் சியாட்டில் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாம் இடம் பெற்றது. அத்தகைய போட்டி விளையாட்டுகள் பெரும்பாலும் எளிய கணினிகளிலும் இயங்குமாறே அமைக்கப்படுகின்றன. கை பழக வேண்டும். மனம் கூர்மை பெற வேண்டும். இவ்விரண்டையும் எந்தக் கடையும் விற்பதில்லை.

உயர்விலை அட்டை யாருக்குத் தகும்? 4கே திரை உடையவர்க்கு. கடனின்றி, பிற கடமைகளைக் குறைக்காமல் வாங்க வல்லவர்க்கு. அசைவூட்டம், முப்பரிமாண வடிவமைப்பு போன்றவற்றால் அதைக்கொண்டே பொருளீட்டுவோர்க்கு. இம்மூவர்க்கும் அது தகும். ஆனால் “பிற்காலத்தில் தொழிலுக்கு உதவும்” என்று ஆசைக்குத் தொழில்வேடம் பூட்டுவோர், தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

இவற்றையெல்லாம் அவனிடம் நான் சொற்பொழிவாக ஆற்றவில்லை. “தம்பி, உன் திரை என்ன திரை?” என்று மட்டும் கேட்டேன். பழைய திரைதான், 1080 அளவு, நொடிக்கு 60. சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “திரையைப் பற்றி நான் எண்ணவே இல்லை ஐயா. கூட்டாளிகள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள், நான் மட்டும் பின்தங்கி நிற்பதுபோல் இருந்தது” என்றான்.

அவன் வாங்க விரும்பியது அட்டையை அன்று. நண்பர் நடுவே ஓர் இடத்தை. அந்த விருப்பம் இழிவானதன்று. நம்மில் யாருக்குத்தான் அது இல்லை? திருமணத்திலும் புதுமனை விழாவிலும் பெரியவர்களாகிய நாம் செய்யும் ஆடம்பரத்தில் பாதி அதற்காகத்தானே? ஆனால் ஐந்து மாத உழைப்பை அதற்கு விலையாகத் தருமுன், அந்த இடம் அவ்வழியில் கிடைக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த அட்டை வந்ததும் பறிபோகும் இடம், இடமாகாது.

அவன் என்ன முடிவு செய்வான் என்பது அவன் உரிமை. ஆயினும் மாணவர்களே, விலைச்சீட்டைப் புரட்டுமுன் உங்கள் திரையை ஒருமுறை பாருங்கள். அதன்பின் உங்கள் மனத்தையும் பாருங்கள். இரண்டும் தாங்கும் அளவே இன்பம். அதற்கு மேற்பட்டது விலை மட்டுமே.