பலகையின் அடிப்பக்கம்

ஒரு கேள்வி கேட்கிறேன் நண்பர்களே. நாம் விற்கப்போகும் பொருளில் ஒரு குறை இருக்கிறது. வாங்க வருபவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. நம் வாயிலிருந்து ஒரு பொய்கூட வரவில்லை. அப்படியென்றால் நாம் பொய் சொன்னோமா, இல்லையா?

சமய வகுப்பில் கேட்டால் "பொய்தான்" என்று எல்லாரும் கையைத் தூக்குவோம். பணம், நேரம், சனிக்கிழமை மத்தியான வெயில் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்போது அந்தக் கை அவ்வளவு சீக்கிரம் மேலே போவதில்லை.

என் மாமாவிடம் பழைய ஃபைபர் படகு ஒன்று இருந்தது, 14 அடி. கோலசிலாங்கூர் ஆற்றில் தூண்டில் போடுவதற்காக வாங்கியது. முட்டிவலி வந்த பிறகு கென்வஸ் போர்த்தி வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டார். விற்கலாம் என்று முடிவானதும் கழுவித் துடைக்க என்னைக் கூப்பிட்டார். படகு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் குறுக்கே போட்டிருக்கும் உட்காரும் பலகையின் ஓரத்தில் மட்டும் சாயம் உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். கேக்கில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கியது.

கடல் தண்ணீர் பட்டால் மரம் அழுகும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் மழைத் தண்ணீர்தான் மோசம். அழுகலை உண்டாக்கும் பூஞ்சைக்கு உப்பு அவ்வளவாக ஆகாது. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரும் காற்றில்லாத இடமும் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். கென்வஸ் மூடிய படகு அதற்கு ஒரு அரண்மனை. இந்தப் பலகைக்கு மேலே சாயம் அடித்திருந்தார்கள், அடிப்பக்கம் வெறும் மரம். பலகையின் இரண்டு முனைகளும் அப்படியே விடப்பட்டிருந்தன. மரம் தண்ணீரை மிக வேகமாக உறிஞ்சுவது அந்த வெட்டுமுனையில்தான். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று எப்போதோ யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மாமா சொன்னார்: "பட்டி வச்சித் தேச்சி, மேல ரெண்டு தடவ சாயம் அடிச்சிட்டா போதும்டா. வாங்கறவன் குத்திப் பாக்கட்டும். அது அவன் வேல லா."

இந்த வாதத்தை நான் தூக்கிப் போடவில்லை. வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு, பழைய பொருள் வாங்கும்போது குத்தித்தான் பார்க்க வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அழுகலை அப்படியே விட்டுவிட்டு மாமா பேசாமல் இருந்திருந்தால் அது மௌனம். உப்பிய சாயம் அங்கேயே இருக்கும், கண் இருப்பவர் பார்த்துக்கொள்வார். பட்டி வைத்துச் சாயம் அடித்துவிட்டால் அது மௌனம் இல்லை. "இங்கே மரம் நல்லா இருக்கு" என்று அந்தப் பட்டி பேசுகிறது. பேசியது நம் கை, வாய் இல்லை, அவ்வளவுதான். வாய்மை என்றால் என்ன என்று விளக்க வந்த வள்ளுவர், நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பது என்று சொல்லவில்லை. பிறருக்குத் தீமை தராத சொல் என்றார். அந்த அளவுகோலை வைத்தால், வார்த்தையே இல்லாத இந்தப் பட்டியும் தேறாது.

இதில் தீமை பெரியது. படகில் அந்தப் பலகை வெறும் நாற்காலி இல்லை. இரண்டு பக்கமும் விரிந்துவிடாமல், உள்ளே ஒடுங்காமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். படகைப் பார்க்க வருவதாகச் சொன்னவர் தன் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போகவேண்டும் என்றார். அந்தப் பிள்ளைகள் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொண்டு படகில் ஏறமாட்டார்கள்.

"அப்ப அழுகியிருக்குன்னு சொல்லியே வித்துடலாமே?" என்றார் மாமா. அதுவும் நேர்மையான வழிதான், ஒத்துக்கொள்கிறேன். விலை பாதியாகும் என்று அவரே கணக்குப் போட்டு, சரி, மாற்றிவிடலாம் என்றார்.

கழற்றுவதற்கு முன் படகின் இரண்டு பக்கத்தையும் கயிற்றால் சேர்த்துக் கட்டினோம். அழுகிய பலகையாக இருந்தாலும் அதுவரை எதையோ பிடித்துக்கொண்டுதானே இருந்தது. எடுத்ததும் படகு விரிந்துவிட்டால் புதுப் பலகை பொருந்தாது. பழைய பலகையின் முனை உதிர்ந்துபோனதால் அதை வைத்து அளக்க முடியவில்லை, அட்டையை வெட்டி அளவெடுத்தோம். செங்கால் மரம் விலையும் அதிகம், கனமும் அதிகம் என்று மெராந்தி வாங்கினோம். ஸ்க்ரூ துளைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, எபோக்சி ஊற்றி நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் மறுபடி துளை போட்டோம். தண்ணீர் ஸ்க்ரூ வழியாக இறங்கினாலும் மரத்தைத் தொடாது. பிறகு ஆறு பக்கமும் எபோக்சி, முனைகளுக்கு மட்டும் மூன்று தடவை.

அடிப்பக்கத்தைப் பூசும்போது மாமா கேட்டார், "இத யாருடா பாக்கப் போறா?"

"கடவுள் பார்க்கிறார்" என்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்த பதில். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சாமியை சிசிடிவி ஆக்குகிற பதில் அது. பூரி ஜெகந்நாதர் கோயிலை நினைத்துப் பாருங்கள். அங்கே மூலவர்களே மரத்தால் ஆனவர்கள். நவகளேபரம் என்ற சடங்கில் பழைய திருமேனிகளுக்குப் பதிலாகப் புது வேப்ப மரத்தில் திருமேனிகள் செய்கிறார்கள். கடைசியாக 2015-இல் நடந்தது. பழையதன் உள்ளே இருக்கும் பிரம்ம பதார்த்தத்தைப் புதியதற்கு மாற்றும்போது, மாற்றுகிறவரின் கண்ணைக் கட்டி, கையிலும் துணி சுற்றிவிடுவது மரபு. ஊர் பார்ப்பதில்லை. செய்கிறவரே பார்ப்பதில்லை. அங்கே ஒருவர் கவனமாக இருப்பது மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தினாலா? கையில் இருப்பது யார் என்று தெரிந்ததால் வருகிற கவனம் என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் பலகையில் உட்காரப் போவது இரண்டு பிள்ளைகள். அடிப்பக்கத்துக்கு அந்தக் காரணம் போதும் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, பிரஷை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் வந்தார். வந்ததும், "ஏன் அங்கிள், இந்தப் பலக மட்டும் புதுசா இருக்கு? படகு எங்கயாச்சும் மோதிருச்சா?" என்று சந்தேகப்பட்டார். பட்டி வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மாமா அழுகல் கதையை முழுசாகச் சொன்னார். உடனே அவர் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் இருந்த மற்ற இரண்டு பலகைகளையும் குத்திப் பார்த்தார். நாங்கள் ஏற்கெனவே குத்திப் பார்த்தவைதான், நன்றாகவே இருந்தன. ஆனாலும் "ஒண்ணு அழுகியிருக்குன்னா..." என்று இழுத்து, நூறு வெள்ளி குறைத்துக்கொண்டார்.

அந்த நூறு வெள்ளியை மாமா இன்றைக்கும் என்னிடம் சொல்லிக்காட்டுகிறார்.