ஐந்து நிமிஷத்து ஆள்

ஒரு க்ஷணத்தில் இருந்தவன் மறு க்ஷணத்திலும் அவனேதானா என்று பௌத்தர்கள் வினவி, யாவும் க்ஷணிகமே என ஸ்தாபித்ததும், 'அவனே இவன்' என்றறியும் பிரத்யபிக்ஞையைக் காட்டி நியாய தரிசனத்தாராகிய நையாயிகர்கள் அதை மறுத்ததும் தத்துவ உலகம் அறிந்த பழைய வழக்கு. லினக்ஸ் கணினியின் 'சூடோ' என்னும் கட்டளையோ அதற்கு ஓசையின்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறது.

1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்த அது, சாதாரணப் பயனருக்கு நிர்வாகியின் அதிகாரத்தை அளிக்குமுன் கடவுச்சொல்லைக் கேட்கிறது. ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால், மூல அமைப்பில் 5 நிமிஷமும் உபுண்டுவில் 15 நிமிஷமும் மறுபடி கேட்பதில்லை. பலர் எண்ணுவதுபோல் அது கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பதன்று. இன்ன பயனர், இன்ன முனையத்தில், இன்ன வேளையில் தம்மை நிரூபித்தார் என்ற காலக்குறிப்பை மட்டும் ஒரு கோப்பில் பதிந்துகொள்கிறது. ஒவ்வொரு பிரயோகத்திலும் அந்தத் தவணை புதுப்பிக்கப்படுகிறது. பக்கத்தில் வேறொரு முனையத்தைத் திறந்தாலோ, அதே மனிதர் ஆனபோதிலும், அங்கே அவர் அந்நியர்தாம்.

இதனை அடையாளம் காணுதல் என்று நையாயிகர் ஒப்பமாட்டார். ஏனெனில் எழுந்துபோனவரின் ஆசனத்தில் பிறர் வந்தமர்ந்தாலும் கணினிக்குப் பேதம் தெரியாது. அது நம்புவது ஆளையன்று, அறுபடாத ஒரு பிரவாகத்தை! ஆகவே வழக்கில் வென்றவர் பௌத்தரே என்பது என் அபிப்பிராயம். எனினும் பிறர் அமரக்கூடிய இடத்தில் பணிபுரிவோர் எழுமுன் 'சூடோ -கே' என்று தட்டச்சிட்டு அக்குறிப்பைச் செல்லாததாக்கிவிடுவார்களாக.