சோதிக்காத விளக்குக்கு ஒரு கையெழுத்து

நான் ஒரு பராமரிப்பு டெக்னீஷியன். அரசாங்க அலுவலகக் கட்டடங்களில் வேலை. ஏர்கோன், தண்ணீர் பம்ப், சுவிட்ச்போர்டு, தீ எச்சரிக்கை மணி, எமர்ஜென்சி லைட் எல்லாம் நாங்கள் பார்ப்பதுதான். "என்னா வேலப்பா செய்ற?" என்று கோயிலில் யாராவது கேட்டால், "மெயின்டனன்ஸ்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. எங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

யாரும் பார்க்காத வேலையை ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு நான் பதில் கற்றுக்கொண்டது ஒரு மாடிப்படியில்.

எமர்ஜென்சி லைட் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே பேட்டரி இருக்கும். கரண்டு இருக்கும்போது சார்ஜ் ஏறும். கரண்டு போனதும் விளக்கு தானாக எரியும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் எரிகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அது பாதி உண்மைதான். சாகப்போகிற பேட்டரியும் இரண்டு நொடி எரியும். கரண்டைத் துண்டித்துவிட்டு, எவ்வளவு நேரம் தாங்க வேண்டுமோ அவ்வளவு நேரம் எரியவிட்டுப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும்.

ஒரு தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் எனக்கு 46 விளக்குகள். விரதத்தில் இருந்தேன். சாயங்காலத்துக்குள் கிளம்ப வேண்டும். 12 விளக்கில் பட்டனை அழுத்தினேன், எல்லாம் எரிந்தன. மற்றதும் எரியும் என்று 46 கட்டத்திலும் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். பத்துமலைக்குப் போனேன். பால்குடம் தூக்கிக்கொண்டு 272 படி ஏறினேன். மனசு நிறைந்திருந்தது.

அடுத்த வாரம் அந்தக் கட்டடத்தில் கரண்டு போனது. லிஃப்ட் நின்றுவிட்டது. மாடிப்படிக்கு ஜன்னல் கிடையாது, மத்தியானத்திலும் கும்மிருட்டு. நான் டார்ச்சோடு மேலே ஓடினேன். மூன்றாம் மாடி கவுண்டருக்கு வந்திருந்த ஒரு மலாய் மாக்சிக், கைத்தடியோடு, சுவரைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு படி தவறி, கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் தலைக்கு மேலே என் விளக்கு, செத்துக் கிடந்தது. கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டேன். "தெரிமா காசே, நாக்" என்றார்.

அந்த நன்றிதான் என்னைத் தூங்கவிடவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அப்படியென்றால் தப்பு நடக்கவில்லையா? அவர் விழுந்திருந்தால் மட்டும்தான் நான் குற்றவாளியா? யோசித்துப் பார்த்தேன். அவர் விழாதது என் நல்ல நேரம். ஆனால் நான் செய்த காரியம் இரண்டு விதத்திலும் ஒன்றேதான். அது அந்தப் படியில் நடக்கவில்லை. பேனாவை எடுத்தபோதே நடந்துவிட்டது.

நண்பன் ஒருவன் ஆறுதல் சொன்னான். "கடமையச் செய், பலன எதிர்பாக்காதன்னு கீதையே சொல்லுதுடா. விடு." இதைப் பல பேர் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். கீதை இரண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகம் விடச் சொல்வது எனக்கு வரும் பலனை: பாராட்டு, சம்பள உயர்வு, பெயர். விளக்கு எரிவது எனக்கு வரும் பலன் இல்லை. அதுதான் வேலையே. எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன என்று இருப்பது பற்றின்மை இல்லை, அலட்சியம். அந்த அத்தியாயமே செயலில் திறமையையும் யோகத்தோடு சேர்த்துத்தான் பேசுகிறது. சொல்லப்போனால், அன்றைக்கு நான்தான் பலனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் கிளம்புவதுதான் அந்தப் பலன்.

சூப்பர்வைசர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கோப்பைத் திறந்து காட்டினார். "இது ஒன் கையெழுத்து. இத நம்பித்தான் நான் கீழ போட்டேன். என்னைய நம்பி ஆபிசர் போட்டாரு. நீ ஒருத்தன் பொய் சொன்னே தம்பி, மூணு பேரு பொய்யாயிட்டோம்." எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. 46 விளக்கையும் முழுசாகச் சோதித்தோம். 9 பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே ஆள், ஒரே நாளில், மற்ற வேலையையும் வைத்துக்கொண்டு 46 விளக்கை முழுசாகச் சோதிக்க முடியாது. "ஆள் பத்தல, எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்பது பொய்யான சாக்கு இல்லை. ஆனால் அதற்கு விடை பொய் டிக் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டு, "சோதிக்கவில்லை, நேரம் போதவில்லை" என்று எழுதுவதுதான். திட்டு விழும். எனக்கும் விழுகிறது. ஆனால் ஆள் பற்றவில்லை என்று மேலே உள்ளவர்களுக்குத் தெரிவது அந்தக் காலிக் கட்டத்தால்தான். நாம் போடும் பொய் டிக், குறையை நமக்கே தெரியாமல் மூடி வைக்கிறது.

நீங்கள் டெக்னீஷியனாக இல்லாமல் இருக்கலாம். கணக்கு எழுதுபவராக, தாதியாக, மாணவராக இருக்கலாம். உங்களிடமும் ஒரு செக்லிஸ்ட் இருக்கும், யாரும் திரும்பப் பார்க்காத ஒரு கட்டம் இருக்கும்.

இந்த வருஷமும் பத்துமலைக்குப் போனேன். அதே 272 படி. போவதற்கு முந்தின நாள் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி வரை 66 படி ஏறி, ஒவ்வொரு விளக்காகப் பார்த்தேன். முடிக்க முடியாத நான்கு கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதினேன். இரண்டு படியும் எனக்கு இப்போது ஒரே நேர்த்திக்கடன்தான்.