தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சீண்டுவதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு. "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்." அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சித்தப்பாக்கள் சொல்வார்கள், சாப்பிட அடம்பிடித்தால் பக்கத்து வீட்டு அக்காக்கள் சொல்வார்கள். என்னைச் சொல்லியிருக்கிறார்கள், நான் என் தம்பியைச் சொல்லியிருக்கிறேன். அதை நம்பி ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்த பிள்ளைகள் திருத்தங்கலில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது என் மகன் பிறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில், அடுத்து வருகிற பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு அளந்து அவளிடமிருந்து திரும்ப வாங்குவார்கள். இது பெருமதியில்லாத பிள்ளை, தவிட்டு விலைக்கு வந்தது, இதை எடுத்துப்போய் என்ன செய்யப்போகிறாய் என்று எமனிடம் சொல்கிற தந்திரம். பிச்சை, குப்பை, தவிட்டான் என்கிற பேரெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆக, சாகக்கிடந்த பிள்ளையைக் காப்பாற்ற உண்டான சொல் இது. காலப்போக்கில் நல்லா இருக்கிற பிள்ளையை அழவைக்கிற சொல்லாக மாறிவிட்டது. என் வீட்டில் அது இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்தது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மகனுக்கு ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போடப் போனபோது டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு மதுரை. எக்கோ பார்த்தார்கள். ஃபாலோ டெட்ராலஜி என்றார்கள். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகிற பாதையில் அடைப்பு, ஓட்டைக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கிற மகாதமனி, தடித்துப்போன வலது கீழறை. இந்த நான்கும் சேர்ந்து ஒரே நோய் என்று 1888இல் பிரெஞ்சு டாக்டர் ஃபாலோ எழுதிவைத்ததால் அவர் பேர். ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் எட்டிலிருந்து பத்துப் பேருக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கும், அதில் சிலருக்கு இது.

"சொந்தத்துல கட்டுனதா?" என்று எல்லா டாக்டரும் கேட்டார்கள். ஆமாம், அத்தை மகள். அந்தக் கேள்வியை ஒரு கட்டத்துக்குள் டிக் அடிப்பதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் என் மனைவி தலையைக் குனிந்தாள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே வேண்டாம்.

இந்த நோயில் ஒரு வினோதம். பிள்ளை அழக் கூடாது. அழுதால் நுரையீரலுக்குப் போகிற பாதை இன்னும் சுருங்கி, கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் ஓட்டை வழியாக நேரே உடம்புக்குப் பாய்ந்துவிடும். உதடு, நகம் எல்லாம் நாவப்பழம் தின்ற மாதிரி ஆகும். அப்போது பிள்ளையின் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அமுக்க வேண்டும். கால் பக்கம் போகிற ரத்தத்துக்குத் தடை கூடும்போது கொஞ்சமாவது நுரையீரல் பக்கம் திரும்பும். இந்தக் குறையோடு வளர்ந்த பிள்ளைகள் ஓடும்போது மூச்சு வாங்கினால் தானாகவே குத்தவைத்து உட்காருமாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு கண்டுபிடித்த வைத்தியம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. எங்கள் வீட்டில் அவன் அழுவதற்கு முன்னாலேயே எல்லாம் வந்துவிடும். சத்தமே தொழிலாக இருக்கிற ஊரில் ஒரு பிள்ளையை அழாமல் வளர்ப்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பட்டாசு ஆபீஸ் பக்கம் சரக்கை வெடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டாலே இவள் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவாள். தீபாவளிக்கு முந்தின வாரம் மூன்று பேரையும் சாத்தூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கேயும் வெடிச்சத்தம்தான், ஆனாலும் கொஞ்சம் குறைவு.

மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் கையிலிருந்த பொம்மையை அவன் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அவள் வரைந்த தாளை அவன் கிழித்தால் கிழிக்கட்டும். "பாப்பா, தம்பி அழுதா நீலமாயிருவான்ல." இந்த ஒரு வாக்கியத்துக்கு அவளிடம் பதில் கிடையாது. யாரிடம்தான் இருக்கும்? ஆறு வயதுப் பிள்ளையின் ஒவ்வொரு நியாயத்துக்கும் எதிர்த் தட்டில் ஓர் உயிரைத் தூக்கி வைத்துவிட்டோம்.

ஒருநாள் இவள் குளியலறையில் இருக்கும்போது அவனுக்கு நீலம் வந்துவிட்டது. அவள் வெளியே வருவதற்குள் மகள் அவனை மல்லாத்திக் காலை மடக்கி நெஞ்சோடு அமுக்கிப் பிடித்திருந்தாள். நாங்கள் செய்வதைப் பார்த்தே கற்றிருக்கிறாள். தெருவே அவளைக் கொண்டாடியது. எதிர்வீட்டு மதினி தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த கையோடு திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். நானும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் விளையாட வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள் என்பதை இரண்டு மாதம் கழித்து அவளுடைய டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "தம்பி தனியா இருப்பான்" என்றாளாம். நாங்கள் கொடுத்த பாராட்டைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒரு பிள்ளையின் நல்ல குணத்தைப் பெற்றவர்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஏதாவது வரம்பு இருக்கிறதா?

ஆபரேஷன் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பகுதி நடந்துவிட்டது. முகம் தெரியாத கோடிப்பேர் கட்டிய வரி அது, நன்றியோடு சொல்கிறேன். போக்குவரத்து, தங்குவது, சம்பளமில்லாத நாள் எல்லாம் கடன்தான், ஆனால் கட்டக்கூடிய கடன். கட்ட முடியாதது வேறு. பணத்தைப் பிரிக்கலாம். மடியைப் பிரிக்க முடியவில்லை. ஒரு ராத்திரியில் ஒரு பிள்ளைதான் அதில் படுக்கும்.

நான் அச்சாபீஸில் வேலை பார்க்கிறேன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆரம்பிக்கிற ஓட்டம் டிசம்பர் கடைசி வரை நிற்காது. ஆபரேஷன் தேதி சரியாக அந்த நடுவில் வந்தது. மனைவி மதுரையில், நான் மிஷினுக்கும் மதுரைக்கும் நடுவில். மகளை நாலு மாதம் சாத்தூரில் அம்மாச்சி வீட்டில் விட்டோம். பள்ளிக்கூடத்தையும் மாற்றினோம். விட்டுவிட்டு வரும்போது அவள் அழவில்லை. அழாத பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்று அத்தை சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த ராத்திரிகளில் போனில் கண்டதையும் படிப்பேன். அப்படித்தான் தாமஸ் நேகல் என்கிற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் சமத்துவத்தைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அவருடைய 1979ஆம் வருடத்துப் புத்தகத்தில் இருப்பது. கற்பனையாக ஒரு தகப்பனைச் சொல்கிறார். இரண்டு பிள்ளைகள். ஒன்று ஆரோக்கியமானது, இன்னொன்றுக்கு வேதனையான ஒரு குறை. நகரத்துக்குக் குடிபோனால் குறையுள்ள பிள்ளைக்கு வைத்தியம் கிடைக்கும், ஆனால் மற்றதற்கு அந்த வாழ்க்கை ஒத்துவராது. புறநகரில் இருந்தால் ஆரோக்கியமான பிள்ளை ஓடியாடி மலரும். அதற்குக் கிடைக்கிற நன்மை, நோயுள்ள பிள்ளைக்கு நகரத்தில் கிடைக்கிற நன்மையைவிடப் பெரியதாகவே இருக்கட்டும், அப்போதும் நகரத்துக்குப் போ என்று ஏதோ ஒன்று சொல்கிறதே, அதுதான் சமத்துவ உணர்வு, மோசமான நிலையில் இருப்பவனின் தேவைக்கு அவசரம் அதிகம் என்கிறார். 1991இல் டெரக் பார்ஃபிட் இதே உதாரணத்தை எடுத்துக்கொண்டு ஒரு குறுக்குக் கேள்வி கேட்டார். இரண்டு பிள்ளையும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கிறோமா, அல்லது பக்கத்தில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பிள்ளை கஷ்டப்படுகிறது என்பதற்காகவே கொடுக்கிறோமா?

மதுரையில் ஒரு வராந்தாவில், கொசுவை அடித்துக்கொண்டு இதைப் படித்தபோது யாரோ என் வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. நான் நேகல் பக்கம்தான், இப்போதும். திரும்ப அதே நிலைமை வந்தால் மகளை மறுபடியும் சாத்தூரில்தான் விடுவேன்.

ஆனால் அந்தக் கட்டுரைகளில் வருகிற ஆரோக்கியமான பிள்ளை வாயே திறப்பதில்லை. அதற்கு ஒரு நன்மை குறைகிறது, அவ்வளவுதான். நிஜத்தில் அந்தப் பிள்ளைக்கு நன்மை குறைவது மட்டும் நடப்பதில்லை. அது ஒரு முடிவுக்கு வருகிறது. தன்னை என்ன விலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடுகிறது. சரியானதைச் செய்துவிட்டோம் என்பதாலேயே பறித்தது பறிக்காததாக ஆகிவிடுமா? ஆகாது என்று நினைக்கிறேன். முறையாகக் கடன் வாங்கினாலும் கடன் கடன்தான்.

ஐதரேய பிராமணத்தில் சுனச்சேபன் கதை வரும். ரோகிதன் நூறு பசு தருகிறேன், ஒரு பிள்ளையைப் பலிக்குக் கொடு என்று கேட்கிறான். அஜீகர்த்தனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனை அப்பா அணைத்துக்கொள்கிறார், கடைக்குட்டியை அம்மா அணைத்துக்கொள்கிறாள். நடுவில் நின்றவன் போகிறான். எனக்கு இரண்டு பிள்ளைதான். இரண்டு பேரிலேயே ஒன்றை நடுவுப் பிள்ளை ஆக்க முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊருக்கே ஒரு கதை இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்வது. பராசரன் என்கிற அந்தணன் சேரனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் தண்கால் மரத்தடியில் தங்குகிறான். அந்தத் தண்கால்தான், நின்ற நாராயணப் பெருமாள் கோயில் மலைமேல் இருக்கிற இந்தத் திருத்தங்கல். விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களை வேதம் ஓத அழைக்கிறான். வார்த்திகன் மகன், பால்வாய் மாறாதவன், மழலையிலேயே பிசகாமல் ஓதிவிடுகிறான். முத்துப் பூணூலும் கடகமும் தோடும் அந்த ஒரு பிள்ளைக்குப் போகின்றன. பொறாமை பிடித்தவர்களால் தகப்பன் சிறைக்குப் போவதும், தாய் கார்த்திகை புரண்டு அழுவதும், கொற்றவை கோயில் கதவு அடைத்துக்கொள்வதும், பாண்டியன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டுத் தண்காலையும் வயலூரையும் கொடுப்பதும் பின்கதை. எங்கள் தமிழ் வாத்தியார் இதைச் சொல்லும்போதெல்லாம் நீதி, நீதி என்று மேசையைத் தட்டுவார். இப்போது எனக்குக் கதையில் பாதியில் காணாமல் போகிற மற்ற பையன்கள்மேல்தான் கண். கூட விளையாடியவன் நகை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே, அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் அப்பத்தாக்களுக்கு இந்தச் சங்கடம் இந்த வடிவில் இல்லை. இந்த இதயக் குறைக்கு மனிதக் கை முதல்முதலில் ஏதாவது செய்தது 1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில். ஹெலன் டாசிக் யோசனை, ஆல்ஃபிரட் பிளேலாக் கத்தி, பின்னால் ஸ்டூல் போட்டு நின்றுகொண்டு அடுத்தடுத்து என்ன செய்வதென்று சொன்ன விவியன் தாமஸ். கல்லூரி போக முடியாத கறுப்பினத்தவர், நாய்களை வைத்து அந்த முறையைச் செய்து செய்து தேர்ந்தவர் அவர்தான். அறுத்த பிள்ளைக்கு வயது 15 மாதம். சில மாதம் பிழைத்திருந்தது. அதற்கு முன்னால் பெற்றவர்களால் முடிந்தது பேர் மாற்றுவதும் தவிடு அளப்பதும்தான். அதற்கு ஒரு காலைப் பொழுது போதும், மூத்த பிள்ளையிடமிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. வைத்தியம் வந்தது, கூடவே பங்கு பிரிக்கிற பாடும் வந்தது. அதற்காக வைத்தியம் வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. என் மகன் இப்போது வாய் நிறைய அழுகிறான், செக்கச்செவேலென்று.

ஆனால் எங்கள் அம்மா இரண்டையும் செய்தார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நெஞ்சில் தையல் தழும்போடு அவனை எதிர்வீட்டு மதினி கையில் கொடுத்து, ஒரு படி தவிடு அளந்து போட்டு வாங்கினார்கள். "இனிமே இவன் தவிட்டுப் பிள்ளை." தெருவே சிரித்தது. மதினிக்கு மட்டும் கண் கலங்கியது. மகள் அன்றுதான் சாத்தூரிலிருந்து வந்திருந்தாள். வாசல்படியில் பையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்தாள். "அப்பா, என்னைய எப்ப வாங்குவீங்க?"

"உன்னைய எதுக்குடா வாங்கணும்? நீ நம்ம பிள்ளைதான."

"தம்பியும் நம்ம பிள்ளைதான. அவனையக் குடுத்துட்டுத் திரும்ப வாங்குனீங்கல்ல. என்னையும் குடுத்தீங்கல்ல சாத்தூர்ல."

அம்மாவிடம் சொன்னேன். "நோய்நொடி இல்லாத பிள்ளைக்கு எதுக்குப்பா அதெல்லாம்? சாங்கியத்தை விளையாட்டாக்காத" என்றார்கள். இவள் அடுப்படியிலிருந்து, "அவுக எமனுக்குப் பயந்து செஞ்சாக. நாம இவளுக்குப் பயந்து செய்வோம் மச்சான்" என்றாள்.

மாட்டுத் தீவனக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனேன். தம்பியைக் கூட்டிவர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கடைக்காரர் எவ்வளவு என்று கேட்டார்.

"தம்பிக்கு எவ்வளவு?" என்று என்னைக் கேட்டாள்.

"ஒரு படி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்கு ரெண்டு."

கடையில் கிலோ கணக்குதான், படி கிடையாது. அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, அம்மாவின் பித்தளைப் படியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனோம்.