பாறை எவர் பக்கம்?

இயற்கை பாய்ந்து செல்வதில்லை என்னும் பழைய கொள்கையை டார்வின் 1859இல் வெளியிட்ட தமது நூலில் உறுதியாகப் பற்றி நின்றார். கூர்ப்பு மெல்ல மெல்லவே நிகழுமாயின், பாறைப் படைகளில் இடைநிலை உயிர்களின் சுவடுகள் நிரம்பக் கிடைத்தல் வேண்டும். அவையோ அருகியே கிடைத்தன. பாறைப் பதிவு குறையுடையது என்பதே அவர் கூறிய விடை.

1972இல் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், ஸ்டீபன் ஜே கோல்ட் என்னும் இருவர் அவ்விடையை மறுபரிசீலனை செய்தனர். ட்ரைலோபைற் என்பது அழிந்துபோன ஒரு கடலுயிர். வட அமெரிக்கப் பாறைகளில் அதன் ஓரினத்தை ஆராய்ந்த எல்ட்ரெட்ஜ், கண்ணிலுள்ள வில்லைகளின் நிரைகளை எண்ணினார். இலட்சக்கணக்கான ஆண்டுகள் அத்தொகை மாறவில்லை. மாறியபோது விரைவில் மாறிற்று. தோன்றிய இனம் நெடுங்காலம் நிலைத்து நிற்கும், புதிய இனம் கிளைக்கும் குறுகிய காலத்திலேயே மாற்றம் பெரிதும் நிகழும் என்பது அவர்கள் முடிபு.

இங்கேதான் நமக்குச் சோதனை. ‘சமூகமும் மெல்லத்தான் மாறும், பொறுத்திருங்கள்’ என்று பசித்தவனுக்கு உபதேசம் செய்தோர் இயற்கையைத் துணைக்கு அழைத்தனர். அவர்கள் வாயை அடைக்க ஓர் ஆயுதம் கிடைத்ததென்று நம்மவர் மகிழ்வது இயல்பே. படிமுறை மாற்றத்தில் அறிஞர் கொண்ட பற்று மேனாட்டுப் பண்பாட்டில் வேரூன்றியதென்று அவ்விருவருமே 1977இல் எழுதினர்; ஹெகலின் இயங்கியலையும் நினைவூட்டினர்.

ஆயினும் பாறை கூறும் ‘குறுகிய காலம்’ எவ்வளவு? ஆயிரக்கணக்கான, பதினாயிரக்கணக்கான ஆண்டுகள்! அத்தனை பொறுமை எந்தப் புரட்சிக்காரனுக்கு உண்டு? அக்காலத்தினுள்ளும் பெற்றோரைப் பெரிதும் ஒத்த பிள்ளைகளே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தன. உழைத்தவனுக்குக் கூலி மறுப்பது அநீதி என்பதற்கு அவன் வீட்டு அடுப்பு எரியாமையே போதிய சான்று. ட்ரைலோபைற்றின் கண்ணைச் சாட்சிக்கு அழைப்பவன், நாளை அச்சாட்சி பிறழ்ந்தால் என்ன செய்வான்?

சாட்சி பிறழவும் செய்தது. 1987இல் பீட்டர் ஷெல்டன் வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியிற் சேகரித்த ஏறத்தாழ 15,000 ட்ரைலோபைற்றுகளை ஆராய்ந்து எழுதினார். எட்டு மரபுகளில், ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆண்டுகளில், வாற்பகுதியின் விலா வரைகள் படிப்படியாகவே கூடியிருந்தன. பாய்ச்சலே இயற்கையின் விதி என்போர் இவ்வுயிர்களைச் சீர்திருத்தவாதிகள் என்று கட்சியிலிருந்து நீக்குவார்களோ? அவ்வரைகளின் தொகையும் ஒரே திசையிற் செல்லவில்லை. இடையிடையே குறைந்து, பின்னர் மீண்டும் கூடிற்று.