ஏவலும் கடமையும்

ஒருவர் பொருளைப் பிறிதொருவர் ஆள்வது உலக வழக்கில் மிகப் பழையது. கோயிலுக்குத் தர்மகர்த்தாவும், ஜமீனுக்குக் கணக்கரும், தோட்டத்திற்குக் கிராணியும் அவ்வகையினரே. அவ்வரிசையில் இந்நாளைய நகரங்களிற் பெருகி நிற்பவர் வாடகை வீட்டுக் காரியஸ்தர். வீட்டை வாடகைக்கு விட்டு வேறூரில் வாழ்பவர்க்கும், அவ்வீட்டிற் குடியிருந்து மாதந்தோறும் பணங் கட்டுபவர்க்கும் இடையே நின்று, ஆள் தேடி, ஒப்பந்தம் எழுதி, வாடகை வசூலித்து, பழுது பார்த்து, கணக்கு ஒப்புவிப்பது அவர் தொழில். அத்தொழிலைப் பற்றி நாம் ஈண்டு ஆராயப் புகுவது ஒரே கேள்வியை. ஊதியம் கொடுப்பவர் ஒருவர். அவ்வூதியத்திற்குரிய வேலையால் நன்மையோ தீமையோ அடைபவர் மற்றொருவர். ஆயின் காரியஸ்தர் யாருக்குக் கடமைப்பட்டவர்? 'வீட்டுக்காரர் சொன்னார், நான் செய்தேன்' என்பது நேர்மையான விடையாகுமா?

இதற்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. சம்பளம் கொடுப்பவர்க்கே கடமை, மற்றவரைப் பற்றி நமக்கென்ன என்பது ஒன்று. இருவர்க்கும் சமமாக நின்று நடுவராயிருக்க வேண்டுமென்பது மற்றொன்று. பின்னது கேட்பதற்கு இனிது, ஆயினும் உண்மையன்று. நடுவுநிலைமை நீதிபதிக்குரிய குணம். ஒரு பக்கத்தாரிடம் ஊதியம் பெற்றுக்கொண்டு தம்மை நடுவரென்று சொல்லிக்கொள்பவர் இரு பக்கத்தாரையும் ஏமாற்றுகிறார். சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டு வந்த வீட்டுத் தரகர் சட்டத்தின் கீழ், ஒரே வாடகை உடன்படிக்கையில் ஒரே தரகர் உடையவர்க்கும் குடிவருபவர்க்கும் சேர்ந்து ஆளாக நிற்றல் கூடாதென்று விதித்திருப்பது இக்காரணம் பற்றியே. எனவே, காரியஸ்தர் உடையவரின் ஆள் என்பதை ஒளிவின்றி ஒப்புக்கொண்டே நாம் மேற்செல்ல வேண்டும்.

ஆனால் உடையவரின் ஆள் என்பதற்கு எல்லை ஒன்று உண்டு. தனக்கில்லாத உரிமையை ஒருவன் பிறனுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. தன் வீட்டிற்கு வாடகை கேட்க உடையவர்க்கு உரிமை உண்டு. ஆகலின் காரியஸ்தரும் அதைக் கேட்கலாம். பொய் சொல்லவும், பிறர் பணத்தை வைத்துக்கொள்ளவும் உடையவர்க்கே உரிமை கிடையாது. இல்லாத அதிகாரம் கடிதத்தின் வழியாகவோ, தொலைபேசியின் வழியாகவோ காரியஸ்தர் கைக்கு எங்ஙனம் வந்து சேரும்? இவ்வொரு நியாயத்தைக் கைக்கொண்டு அவர் தொழிலின் பகுதிகளை நோக்குவோம்.

முதலாவது, பணம். மலேசியாவில் இரண்டு மாத வாடகையும், நீர், மின்சாரக் கட்டணங்களுக்கென அரை மாத வாடகையும் முன்பணமாகப் பெறுவது வழக்கம். மாதம் 1,200 வெள்ளி வாடகையுள்ள வீட்டிற்கு முன்பணம் 3,000 வெள்ளி. முதல் மாத வாடகையும் சேர்ந்தால், சாவி கைக்கு வருமுன் 4,200 வெள்ளி கொடுத்தாக வேண்டும். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளம் பெறும் தொழிலாளிக்கு இத்தொகை ஏறக்குறைய இரண்டரை மாத உழைப்பு. இவற்றுள் முன்பணம் உடையவரின் வருமானமன்று. திருப்பித் தரவேண்டிய அடைக்கலப் பொருள். ஆயினும் குடி போகும் நாளில் சுவரின் நிறம் மங்கியதற்கும், குழாயின் வளையம் தேய்ந்ததற்கும் விலை போட்டு அதனைக் கரைத்துவிடுவாரைக் காண்கிறோம். பயன்படுவதால் தேய்வது வேறு. கவனமின்மையால் உடைவது வேறு. இவ்வேறுபாட்டைக் காட்டக் கூடிய சாட்சி, குடி வந்த நாளிலேயே அறை அறையாகப் பார்த்து, படம் பிடித்து, இருவரும் கையெழுத்திட்ட பட்டியலொன்றே. அப்பட்டியலை எழுதாத காரியஸ்தர் கெட்ட எண்ணமுடையவராயிருக்க வேண்டுவதில்லை. சோம்பலுடையவராயிருந்தாற் போதும், அநியாயம் தானே நடந்துவிடும்.

இரண்டாவது, வெளியேற்றம். வாடகை நிலுவையானால் பூட்டை மாற்றிவிடு என்று உத்தரவிடும் உடையவர் உண்டு. ஆனால் மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம், ஒப்பந்தம் முடிந்த பின்னும் குடியிருப்பவர் வெளியேறாராயின், வீட்டை மீட்க நீதிமன்றத்தையே நாட வேண்டுமென்கிறது. நிலுவைக்காகப் பண்டங்களைக் கைப்பற்றுவதற்கும் 1951-ஆம் ஆண்டு டிஸ்டிரெஸ் சட்டப்படி நீதிமன்றத்தின் வாரண்டு வேண்டும். இது கடன்பட்டவர்க்குக் காட்டும் சலுகை என்று சிலர் முறையிடுவர். அன்று; தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாதல் ஆகாதென்னும் பழைய நியாயமே அது.

காலம் கொடுத்தலும் இதனோடு சேர்ந்ததே. பழைய கட்டிடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை மலேசிய அரசாங்கம் 1997-ஆம் ஆண்டில் நீக்கியபோது, 1999-ஆம் ஆண்டு முடியும் வரை தவணை கொடுத்தது. அவ்வாறு கொடுத்தும் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் நெடுங்காலம் வாழ்ந்தோர் பலர் புதிய வாடகையைத் தாங்கமாட்டாது இடம்பெயர்ந்தனர். வீடிழத்தல் இன்னதென்று நம்மவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, வேலையோடு லயத்து வீட்டையும் சேர்த்து இழந்த தொழிலாளிகளின் மக்களும் பேரர்களும் நம்மிடையே வாழ்கின்றனர். ஒரு மாதம் முன்னே சொல்லப்படும் சொல்லுக்கும், ஒரு நாள் முன்னே சொல்லப்படும் சொல்லுக்கும் உள்ள தூரத்தை அவர்கள் அறிவார்கள்.

மூன்றாவதும் கடியதுமான பகுதி, குடிவருபவரைத் தெரிந்தெடுத்தல். வாடகை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டா' என்னும் சொற்களை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் பலர் கண்டு மனம் வெதும்பியிருக்கின்றனர். விளம்பரத்தில் அது இல்லாதவிடத்தும், தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன், 'வீடு போய்விட்டதே' என்று விடை வருவதுண்டு. விருப்பம் உடையவருடையதென்று வைத்துக்கொள்வோம். அந்தப் பொய் யாருடையது? அதனைச் சொன்ன நா காரியஸ்தருடையதன்றோ? ஒருவரின் சம்பளத்தையும், முன்னிருந்த வீட்டில் அவர் நடந்துகொண்ட முறையையும் விசாரிப்பது காரியஸ்தரின் வேலை. பிறப்பை விசாரிப்பது வேலையைச் செய்யாது தப்புவதற்கான குறுக்கு வழி. இது கேட்டுப் பிறரை நோக மட்டும் நமக்கு உரிமையில்லை. சென்னை போன்ற நகரங்களில் 'சைவ உணவினர்க்கு மட்டும்' என்று தொங்கும் பலகை பலவிடத்தும் சாதி கேட்கும் பலகையே. ஈங்கும் தமிழரே தமிழரிடம் அவ்விசாரணை நடத்துவாராயின், பிறர் நம்மை விலக்கும்போது அழுவதற்கு நமக்கு வாயேது?

இவ்விடத்து ஒரு தடை எழும். 'மறுத்தால் வேலை போய்விடுமே. நியாயம் பேசிப் பட்டினி கிடப்பதா?' என்பர். இதனை நாம் அற்பமென்று தள்ளோம். தோட்டத்திற் கணக்கெழுதும் நாமும் பிறர் ஏவலில் உண்பவரே; வீடு ஒதுக்கும் பட்டியலும், விலக்கப்பட்டோர் பட்டியலும் எழுதும் கை எத்தகைய இக்கட்டில் நிற்கிறதென்பது நமக்குத் தெரியும். ஆயினும் மறுப்பது ஒன்றே வழியன்று. அதற்கு முந்திய படியொன்று உண்டு, அதுதான் சொல்லுதல். தூரத்திலிருக்கும் உடையவர் குடியிருப்பவர் முகத்தைக் கண்டதில்லை. ஒழுகும் கூரையின் கீழ்ப் பிள்ளையைத் தூங்கவைக்க முடியாமை அவர்க்குத் தெரியாது; கணக்கில் ஒரு செலவாக மட்டுமே அது தெரியும். காரியஸ்தரோ உத்தரவிட்டவர் தாமல்லவென்று ஆறுதலடைகிறார். கண்டவர்க்கு அதிகாரமில்லை, அதிகாரமுடையவர் கண்டதில்லை. இங்ஙனம் செய்தவர் எவருமில்லாமலே ஒரு தீமை நிறைவேறிவிடுகிறது. இருபுறத்தையும் காணும் கண் காரியஸ்தருடையது ஒன்றே. கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்புவது அவர் வேலைக்குப் புறம்பன்று; அதுவே வேலை. பல தவறான உத்தரவுகள், இவ்வாறு ஒருமுறை எழுதிக் காட்டப்பட்டால் தாமே திரும்பிப் போய்விடும். திரும்பாத உத்தரவு சட்டத்திற்கும் வாய்மைக்கும் மாறாயின், அவ்வொரு காரியத்திற்கு மட்டும் 'இயலாது' என்றலே முறை. அதற்குரிய விலையைக் கொடுக்கும் காலமும் நேரலாம். அது நேராதென்று நாம் பொய்யாறுதல் சொல்லோம்.

இந்நாளில் இத்தொழில் கண்டவர் புகும் தொழிலாயில்லை. சிங்கப்பூரில் தேர்வெழுதிப் பதிவு பெற்றவரே தரகராகலாம். வாரிய வீடுகளின் வாடகைப் பணத்தைத் தரகர் கையால் தொடுதலும் கூடாது. மலேசியாவில் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழமைந்த பதிவேட்டில் 2018-ஆம் ஆண்டு முதல் சொத்து மேலாளரும் சேர்க்கப்பட்டனர். இவை வரவேற்கத்தக்கன. ஆனால் தேர்வு அளப்பது அறிவை. குடியிருப்பவர் எதிரில்லாதபோது அவரைப் பற்றி உடையவரிடம் என்ன சொல்கிறார் என்பதே காரியஸ்தரின் தகுதியை அளப்பது; அதற்குத் தேர்வு மண்டபம் கிடையாது.

நம் வாசகருள் வீடுடையோர் சிலர், வாடகைக்கிருப்போர் பலர். உடையவர்க்கு ஒரு சொல் சொல்லி முடிப்போம். உங்கள் காரியஸ்தர் கசப்பான செய்தியொன்றைக் கொண்டுவரும் நாளில் அவரைக் கடிந்து அனுப்பாதீர்கள். உங்கள் பெயரால் என்ன நடக்கிறதென்பதை உங்களுக்குக் காட்டுபவர் அவர் ஒருவரே. பேசாது வணங்கி, சொன்னதையெல்லாம் செய்து முடிப்பவரை விட, அவரிடமே உங்கள் வீடும் உங்கள் பெயரும் பத்திரமாயிருக்கும்.